டீசல் உழவு இயந்திரங்களின் புகை உணர்கருவிகளும் அவற்றின் பழுதுகளும்

பெரும்போக நெல் முற்றித் தலைசாய்ந்து நிற்கும் வேளையில் அறுவடை இயந்திரம் வயலின் நடுவே வலுக்குன்றி நின்றுவிடுமாயின், அதனால் வரும் நட்டம் இயந்திரச் சொந்தக்காரரை மட்டும் சார்ந்ததன்று. தொடர்ந்து மழை பெய்தால் சாய்ந்த கதிர் வயலிலேயே முளைகொள்ளும். உலர்ந்த நெல்லுக்குரிய விலை ஈர நெல்லுக்குக் கிடையாது. முன்னாளில் இத்தகைய தடைகள், எண்ணெயில் நீர் கலத்தல், வடி அடைபடுதல், பட்டி அறுதல், பம்பு தேய்தல் முதலியவற்றால் நேர்ந்தன. அவற்றைக் கண்ணாற் கண்டு கையால் திருத்தக்கூடியதாயிருந்தது. இக்காலத்தில் வேறொரு காரணமும் சேர்ந்துள்ளது. எஞ்சினில் யாதொரு குறையும் இல்லாதிருந்தும், புகைக்குழாயிற் பூட்டப்பட்ட விரலளவான ஓர் உணர்கருவி பழுதுற்றுப் பிழையான செய்தியை அனுப்ப, அச்செய்தியை நம்பிய கட்டுப்பாட்டுக் கணினி எஞ்சினின் வலுவைத் தானே குறைத்துவிடுகின்றது. கமக்காரர் "சென்சர் போய்விட்டது" என்று கூறுவது இதனையே.

ஆயினும் "சென்சர் போய்விட்டது" என்ற அக்கூற்று எப்போதும் சரியன்று. உணர்கருவி உண்மையைக் கூறிக்கொண்டிருக்க, அதனைக் குற்றஞ்சாட்டிக் கழற்றியெறிந்து புதியதொன்றைப் பெரும் விலை கொடுத்து வாங்கிப் பூட்டுவோர் பலர். புதியதும் அதே செய்தியையே கூறும். பொய் கூறும் கருவியையும் மெய் கூறும் கருவியையும் வேறுபடுத்தி அறியும் வழிகளை இப்பிரசுரத்தில் விளக்குவோம்.

எவ்வியந்திரங்களில் இவை உண்டு?

நீங்கள் வைத்திருப்பது இரு சில்லு உழவு இயந்திரமாயின், அல்லது பழைய மாசி பெர்குசன் போன்று வெறும் பம்பினால் எண்ணெய் செலுத்தப்படும் நான்கு சில்லு இயந்திரமாயின், இங்கு கூறப்படும் கருவிகள் எவையும் அதில் இல்லை. நீங்கள் கவலையின்றி இருக்கலாம். டீசல் தாங்கிக்கு அருகே நீல மூடியுள்ள மற்றொரு சிறு தாங்கி காணப்பட்டாலும், புகைபோக்கிக்கு முன்னால் பெரிய உருளை வடிவான பெட்டியொன்றும் அதிலிருந்து வயர்களும் மெல்லிய குழாய்களும் புறப்படுதல் காணப்பட்டாலும், உங்கள் இயந்திரம் புதிய வகையைச் சேர்ந்தது எனக் கொள்க.

இவ்வகை இயந்திரங்கள் புகைச் சட்டங்களின் விளைவாகத் தோன்றியவை. ஐக்கிய அமெரிக்காவில் நான்காம் படி எனப்படும் விதிகள் 2004 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு, 2008 முதல் 2015 வரை எஞ்சினின் பருமனுக்கேற்பப் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. ஐரோப்பாவில் ஐந்தாம் படி விதிகள் 2019 முதல் நடைமுறைக்கு வந்தன. இந்தியாவில் 50 பரிவலுவுக்கு மேற்பட்ட உழவு இயந்திரங்களுக்குப் புதிய விதி 2023 சனவரி முதலாந் திகதி தொடங்கிற்று. நமது நாட்டில் உழவு இயந்திரங்கள் பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்தே வருவனவாதலின், அந்நாடுகளின் சட்டம் நமது பட்டறையிலும் வந்து நிற்கின்றது. அமெரிக்க விதியின்படி 25 பரிவலுவுக்குக் குறைந்த எஞ்சின்கள் கரிவடி இன்றியே தேறிவிடும். 25 க்கும் 75 க்கும் இடைப்பட்டவை பெரும்பாலும் கரிவடியோடு மட்டும் வரும். 75 க்கு மேற்பட்டவையே பொதுவாக யூரியாத் திரவமும் வேண்டுவன. இந்த அளவை நினைவிற் கொண்டால், இயந்திரத்தை வாங்குமுன்பே அதில் என்ன இருக்குமென ஊகிக்கலாம்.

இச்சட்டங்கள் வீண் தொல்லை என்று எண்ணுதல் ஆகாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2012 ஆம் ஆண்டில் டீசற் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவனவற்றின் முதல் வகுப்பிற் சேர்த்தது. திறந்த ஆசனத்தில் நாள் முழுவதும் அமர்ந்து அப்புகையைச் சுவாசிப்பவர் சாரதியே.

புகை சுத்தமாகும் விதம்

எஞ்சினிலிருந்து வெளிவரும் புகையில் இரு பகைவர் உளர். ஒன்று புகைக்கரி, மற்றது நைதரசன் ஒட்சைட்டு. எரிதல் சூடாகவும் நிறைவாகவும் நடந்தால் கரி குறையும், ஆனால் நைதரசன் ஒட்சைட்டு கூடும். சூட்டைக் குறைத்தால் இது தலைகீழாகும். ஆகவே ஒன்றை எஞ்சினுக்குள்ளும் மற்றதைப் புகைக்குழாயிலும் அடக்குகின்றனர்.

புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் வால்வு முதலாவது. அடுத்து, பிளாற்றினம் போன்ற அரிய உலோகம் பூசிய பீங்கான் கட்டி. அதனையடுத்து கரிவடி, பட்டறைகளில் இதனை டீ.பீ.எவ். என்பர். தேன்வதைபோல் நுண்ணிய அறைகள் நிறைந்த இவ்வடியிற் கரி படிந்து நிறையும். நிறைந்ததும் கணினி சற்று மேலதிகமான டீசலைச் செலுத்திப் புகையை ஏறத்தாழ 600 பாகை செல்சியசுவரை சூடாக்க, கரி எரிந்து வாயுவாகப் போய்விடும். இதனைக் கரியெரிப்பு என்போம். இறுதியாக வருவது எஸ்.சீ.ஆர். எனப்படும் பெட்டி. இதற்கு முன்னே யூரியாத் திரவம் தூவப்படும். அது சூட்டில் அமோனியாவாக மாறி, நைதரசன் ஒட்சைட்டைத் தீங்கற்ற நைதரசனாகவும் நீராவியாகவும் மாற்றும்.

இவ்வேலைகள் யாவற்றையும் கணினி நேரிற் காண்பதில்லை. குருடன் கைக்கோலால் வழியறிவதுபோல, அது உணர்கருவிகளைக் கொண்டே அறிகின்றது. கரி எவ்வளவு நிறைந்தது என்பதை அமுக்க உணர்கருவியும், எவ்வளவு சூடு என்பதை வெப்பநிலை உணர்கருவிகளும், புகை எவ்வளவு சுத்தம் என்பதை நைதரசன் ஒட்சைட்டு உணர்கருவிகள் இரண்டும், திரவத்தின் அளவையும் தரத்தையும் தாங்கிக்குள் இருக்கும் கருவியும் தெரிவிக்கும்.

அமுக்க உணர்கருவி

கரிவடியின் முன்னும் பின்னும் ஒவ்வொரு மெல்லிய குழாய் புறப்பட்டு ஒரு சிறு கருவியைச் சேரும். இரு பக்கத்து அமுக்கங்களின் வேறுபாட்டைக் கொண்டு வடியில் அடைபட்ட கரியின் அளவு மதிக்கப்படும். எளிமையான அமைப்பே; ஆனால் நமது கமக்காரரை அதிகம் வருத்தத்தக்கதும் இதுவே. ஏனெனில் பழுதாவது பெரும்பாலும் கருவியன்று, அக்குழாய்களே. சூட்டில் இறப்பர் வெடிக்கும். அதிர்வில் பிடி தளரும். கரியும் நீரும் சேர்ந்து உள்ளே அடைக்கும்.

முன்குழாய் வெடித்திருப்பின் அமுக்கம் குறைவாகக் காட்டப்படும். வடி வெறுமையாக உள்ளதெனக் கணினி எண்ணிக் கரியெரிப்பைத் தாமதிக்கும். விளக்கு ஒன்றும் எரியாது. சாரதி மகிழ்வோடு உழுதுகொண்டிருப்பார். வடியோ அளவுக்கு மீறி நிறைந்து, ஒருநாள் எரியத் தொடங்குகையில் சூடு கட்டுமீறிப் பீங்கான் உருகிப் பிளந்துவிடும். சிறு குழாய்த் துண்டொன்றைக் கவனியாமையால் இயந்திரத்தின் மிக விலையுயர்ந்த உறுப்பொன்று அழிகின்றது. ஆதலால் ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் அவ்விரு குழாய்களையும் விரலால் தடவிப் பாருங்கள். கழற்றுவதாயின் எது முன், எது பின் என அடையாளமிட்டபின் கழற்றுதல் வேண்டும். காற்றடித்துச் சுத்தம் செய்வதாயின் குழாயைக் கருவியிலிருந்து பிரித்தபின்பே அடித்தல் வேண்டும். கருவிக்குள் காற்றடித்தால் அதனுள்ளிருக்கும் மெல்லிய தகடு கிழிந்துவிடும்.

கருவியைச் சோதிக்கும் வழி ஒன்றுண்டு. எஞ்சினை இயக்காது திறப்பை மட்டும் முன்னே திருப்பிக் காட்டியில் அமுக்க வேறுபாட்டைப் பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது வடியின் இருபுறமும் ஒரே காற்றே இருக்கின்றது. ஆகவே வேறுபாடு சுன்னமாக, அல்லது சுன்னத்தை ஒட்டியதாக இருத்தல் வேண்டும். ஓடாத எஞ்சினில் அமுக்கம் காட்டும் கருவி பொய் கூறுகின்றது. சுன்னத்தைக் காட்டி, பின் எஞ்சின் வேகங்கூடக் கூட அமுக்கமும் சீராக ஏறுமாயின், கருவி பெரும்பாலும் நல்லது, கரியே கூடியிருக்கின்றது.

வெப்பநிலை உணர்கருவிகள்

இவற்றைச் சோதித்தல் இன்னும் எளிது. இரவு முழுவதும் நின்ற இயந்திரத்தில், விடியற்காலையில் எஞ்சினை இயக்குமுன் எல்லா வெப்பநிலைகளையும் காட்டியிலோ சோதனைக் கருவியிலோ வாசியுங்கள். புகைக்குழாயின் முன், நடு, பின் யாவும் அன்றைய காற்றின் வெப்பநிலையையே காட்டவேண்டும். மூன்று கருவிகள் 27 பாகையும் நான்காவது 90 பாகையும் காட்டுமாயின், குற்றவாளியைத் தேடிப் பட்டணம் போகவேண்டியதில்லை.

கரியெரிப்பு நடக்கும்போது பெட்டியும் புகைபோக்கியும் கடுஞ்சூடாக இருக்கும் என்பதை இங்கு வற்புறுத்திக் கூறவேண்டும். வைக்கோற் குவியலின் அருகிலோ சூடடித்த களத்திலோ இயந்திரத்தை நிறுத்திக் கரியெரிக்க விடாதீர்கள். பெட்டியின்மேற் படிந்த பதரையும் தூசியையும் நாள்தோறும் தட்டிவிடுங்கள். எரிப்பு விளக்கு ஒளிரும்போது வேலை முடிந்ததென எஞ்சினை நிறுத்துதலும் தீது. எரிப்பு அடிக்கடி இடையில் அறுந்தால் கரி மேலும் சேர்வதோடு, எரிப்புக்கென எஞ்சினுக்குட் செலுத்தப்பட்ட டீசல் உருளைச் சுவர் வழியே வடிந்து எஞ்சின் எண்ணெயிற் கலக்கும். அளவுகோலில் எண்ணெய் மட்டம் குறைவதற்கு மாறாக உயர்ந்து வருமாயின் அதுவே அடையாளம். அவ்வெண்ணெயை உடனே மாற்றுதல் வேண்டும்.

நீண்ட நேரம் வெறுமனே ஓடவிடுதல் கரி சேர்வதற்கு முதற் காரணம். தேநீர் குடிக்கப் போகையிலும், வயற்கரையில் உரையாடிக்கொண்டிருக்கையிலும் எஞ்சினை ஓடவிடும் பழக்கம் பழைய இயந்திரத்திற்குப் பெருந்தீங்கு செய்யவில்லை. புதியதற்குச் செய்யும். புகை சூடேறாவிடின் கரி எரியாது.

நைதரசன் ஒட்சைட்டு உணர்கருவிகள்

இவையே விலையாலும் நுட்பத்தாலும் முதன்மையானவை. சேர்க்கோனியாப் பீங்கானாற் செய்யப்பட்ட முனையில் இரு சிற்றறைகள் உள. முதலாம் அறையில் ஒட்சிசன் வெளியேற்றப்பட்டு, இரண்டாம் அறையில் நைதரசன் ஒட்சைட்டு பிரிக்கப்பட்டு, அதிலிருந்து வரும் ஒட்சிசனின் அளவு மின்னாக அளக்கப்படும். இதற்காக முனை ஏறத்தாழ 800 பாகைக்குச் சூடாக்கப்படுகின்றது. அவ்வளவு சூடான பீங்கானில் ஒரு துளி நீர் பட்டால் அது வெடித்துவிடும். அதனாலேயே எஞ்சின் இயங்கிப் புகைக்குழாயின் ஈரம் உலரும்வரை கணினி இக்கருவியைச் சூடாக்குவதில்லை. புகைபோக்கியின் வாயில் மழைநீர் இறங்கும்படி இயந்திரத்தை வெளியில் விடுதலும், கழுவும்போது பீச்சுக்குழாயை அதன் வாயிற் பிடித்தலும் எவ்வளவு கேடென்பதை இதிலிருந்து உணரலாம்.

ஒரு கருவி எஸ்.சீ.ஆர். பெட்டிக்கு முன்னும் மற்றது பின்னும் இருக்கும். முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள வேறுபாடே சுத்திகரிப்பின் அளவாகும். பின்கருவியும் முன்கருவியைப் போன்றே கூடிய அளவைக் காட்டுமாயின், பின்கருவி கெட்டது என்று முடிவுசெய்ய வேண்டாம். திரவம் தூவப்படாதிருக்கலாம், தூவும் முனையில் யூரியா வெண்கட்டியாக உறைந்திருக்கலாம், திரவமே தரங்கெட்டதாயிருக்கலாம். இன்னொன்றையும் கூறவேண்டும்: இக்கருவி அமோனியாவையும் நைதரசன் ஒட்சைட்டென்றே எண்ணும். திரவம் அளவுக்கு மீறித் தூவப்பட்டு அமோனியா தப்பி வந்தாலும், புகை அசுத்தமென்றே அது அறிவிக்கும். ஆகவே திரவத்தையும் முனையையும் முதலிற் பார்த்து, கருவியை இறுதியிற் பார்ப்பதே முறை. இரு கருவிகளும் தோற்றத்தில் ஒன்றுபோலிருப்பினும் மாற்றிப் பூட்டலாகாது. கருவியும் அதன் வயரின் நுனியிலுள்ள சிறு பெட்டியும் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டே விற்கப்படுவன. வயரை வெட்டி ஒட்டுதல் பயன் தராது.

யூரியாத் திரவம்: ஓர் எச்சரிக்கை

யூரியா என்றதும் கமக்காரரின் நினைவு களஞ்சியத்திலுள்ள உரச்சாக்கின்மேற் செல்லுதல் இயல்பே. நூற்றுக்கு 32.5 பங்கு யூரியாவும் எஞ்சியது நீருமே இத்திரவம். கடையில் விலை கூடுதலாயிருக்க, வீட்டில் யூரியாவும் கிணற்றில் நீரும் இருக்க, ஏன் கலக்கக்கூடாது? இக்கேள்வி நியாயமானது, ஆதலால் விடையை விரிவாகக் கூறுவோம்.

சர்வதேச நியமம் 22241 இன்படி இத்திரவத்தின் ஒரு கிலோகிராமில் கல்சியம் அரை மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்த யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளின் நீரில் ஒரு லீற்றருக்குப் பல பத்து மில்லிகிராம் கல்சியம் உண்டு. வன்னியிலும் வடமத்திய பகுதியிலும் உள்ள குழாய்க் கிணறுகள் பலவும் கடினநீர் தருவனவே. கேத்திலின் அடியிற் படியும் வெண்படையை நீங்கள் அறிவீர்கள். அதே படை எஸ்.சீ.ஆர். பெட்டியின் நுண்துளைகளிற் படிந்தால் அதனைக் கழுவி எடுக்க வழியில்லை. அடுத்து, உரயூரியாவில் பையூரெற்று என்னும் பொருள் நூற்றுக்கு ஒரு பங்களவில் இருத்தல் கூடும். திரவத்திலோ அது நூற்றுக்கு 0.3 பங்கைத் தாண்டலாகாது. மணிகள் ஒட்டாதிருக்கப் பூசப்படும் மருந்தும் தூசியும் வேறு. மழைநீரையோ காய்ச்சி வடித்த நீரையோ கொண்டு கரைத்தாலும் உரத்திலுள்ள இவ்வழுக்கு நீங்காது. ஆகவே வீட்டிற் கலக்கும் எண்ணத்தைக் கைவிடுக.

வாங்கிய திரவமும் கெடும். நமது நாட்டின் வெப்பமே காரணம். 25 பாகைக்கு மேற்படாத இடத்தில் ஒன்றரை ஆண்டு இருக்கக்கூடிய திரவம், 30 பாகையில் ஓராண்டும், 35 பாகையில் ஆறு மாதமுமே தாங்கும். தகரக் கூரையின்கீழ் வெயிலில் வைத்த கலம் இதனினும் விரைவிற் கெடும். ஒரு போகத்திற்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். கலத்திலுள்ள உற்பத்தித் திகதியைப் பார்த்து வாங்குங்கள். செம்பு, பித்தளை, நாகமுலாம் பூசிய தகரம் ஆகியவற்றாலான புனலிலும் வாளியிலும் இதனை ஊற்றலாகாது. டீசல் அளந்த புனலும் ஆகாது. சிறிது டீசல் சேர்ந்தாலும் தாங்கியிலுள்ள இறப்பர்கள் ஊதிப் பழுதாகும். தவறுதலாக இத்திரவத்தை டீசல் தாங்கிக்குள் ஊற்றிவிட்டால் திறப்பைத் திருப்பவே வேண்டாம். எஞ்சின் இயங்காதவரை தாங்கியை இறக்கிக் கழுவுவதோடு காரியம் முடியும்.

தாங்கியிலுள்ள தரக்கருவி திரவத்தினூடே ஒலி செல்லும் வேகத்தைக் கொண்டு யூரியாவின் செறிவை அளப்பது. புதிதாக ஊற்றிய திரவத்தில் நுரையும் குமிழும் இருப்பின் அதனையும் தரக்குறைவென அது அறிவிக்கக்கூடும். சிறிது நேரம் நின்று அமைந்தபின் மீண்டும் பாருங்கள். ஐயமிருப்பின் ஒளிமுறிவுமானி என்னும் சிறு கருவியால் ஒரு துளியைச் சோதிக்கலாம், 31.8 க்கும் 33.2 க்கும் இடையில் இருந்தால் செறிவு சரி. செறிவு சரியாயிருந்தும் கருவி குறை கூறுமாயின், அப்போதே கருவியை ஐயுறலாம்.

இயந்திரத்தை நிறுத்தியபின் சிறிது நேரம் ஒரு பம்பு ஓடும் ஒலி கேட்கும். குழாய்களில் நிற்கும் திரவத்தை அது மீண்டும் தாங்கிக்கு இழுக்கின்றது. அவ்வொலி அடங்குமுன் பற்றரி ஆளியை வெட்டினால் திரவம் குழாயிலேயே உறைந்து கட்டியாகும்.

வயர்களும் இணைப்புகளும்

எலியும் அணிலும் செய்யும் கேட்டை உற்பத்தியாளரின் நூல்கள் ஒரு வரியிற் கூறிச் செல்கின்றன. நமக்கு அது ஓர் அதிகாரமே எழுதத்தக்கது. அறுவடை முடிந்து மாதக்கணக்கில் கொட்டிலில் நிற்கும் இயந்திரத்தினுள் வைக்கோலும் நெல்மணியும் தங்கியிருந்தால், எலிகள் அங்கே குடியேறி வயர்த்தொடையைக் கடித்துவிடும். அடுத்த போகத்தில் திறப்பைத் திருப்பியதும் ஐந்தாறு பிழைகள் ஒருங்கே தோன்றும். ஐந்து உணர்கருவிகள் ஓரிரவில் இறப்பதில்லை. பல பிழைகள் ஒன்றாய்த் தோன்றினால் கருவிகளைத் தேடாது, அவை யாவற்றுக்கும் பொதுவான வயரையும் நிலவயரையும் பற்றரியையும் தேடுங்கள்.

பற்றரி நலிந்திருந்தால் எஞ்சினைச் சுழற்றும்போது வோற்றளவு விழுந்து கணினி தடுமாறிப் பொய்ப்பிழைகளைப் பதியும். நின்ற நிலையில் 12.6 வோற்றும், எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 14 வோற்றும் இருத்தல் வேண்டும். கடற்கரைக் கிராமங்களில் உப்புக்காற்றால் நிலவயரின் முனை பச்சை பூத்து நிற்பதைக் காணலாம். அதனைச் சுரண்டிச் சுத்தமாக்கி இறுக்குவதாலேயே பல குறைகள் மறையும். இணைப்புப் பெட்டிகளின்மேல் அமுக்க நீரைப் பீச்ச வேண்டாம். பழுதுபார்ப்போர் ஊசியால் வயரின் தோலைக் குத்திச் சோதித்தலையும் அனுமதியாதீர்கள். குத்திய துளையால் நீர் புகுந்து உள்ளே செம்பு அரிக்கும். சேற்றுத் தகட்டையோ கொழுவியையோ மின்னாற் காய்ச்சி ஒட்டுமுன் பற்றரியையும் கணினியின் இணைப்பையும் கழற்றுதல் அவசியம். இதனைச் செய்யாது கணினியையே எரித்தோர் உளர்.

பிழை எண்களை வாசித்தல்

பல உற்பத்தியாளர் ஜே 1939 என்னும் பொதுமுறையைப் பின்பற்றுகின்றனர். இது ஆண்டன்று, முறையின் இலக்கம். அதில் ஒவ்வொரு பிழைக்கும் இரண்டு எண்கள் உண்டு. முதலாவது உறுப்பைக் குறிப்பது. 3251 கரிவடியின் அமுக்க வேறுபாடு, 3216 முன்னுள்ள நைதரசன் ஒட்சைட்டுக் கருவி, 3226 பின்னுள்ளது, 1761 யூரியாத் திரவத்தின் மட்டம், 3364 அதன் தரம், 4364 எஸ்.சீ.ஆர். பெட்டியின் செயற்றிறன். இரண்டாவது எண்ணே பழுதின் தன்மையைக் கூறுவது. இதனைக் குறித்துவைக்காது முதல் எண்ணை மட்டும் தொலைபேசியிற் கூறுவோர் மெக்கானிக்கின் வேலையைக் கடினமாக்குகின்றனர்.

இரண்டாவது எண் 3 ஆயின் மின்னழுத்தம் மிகை. 4 ஆயின் குறை. 5 ஆயின் மின்சுற்று அறுந்தது. இம்மூன்றும் வயரையோ கருவியையோ சுட்டுவன. 0, 1 என்பனவும் 15 முதல் 18 வரையுள்ளனவும் வேறு வகையின. அங்கு கருவியின் செய்தி ஏற்கத்தக்கதென்றும், அளக்கப்பட்ட பொருளே அளவு கடந்தோ குறைந்தோ உள்ளதென்றும் கணினி கூறுகின்றது. 3251 உடன் 0 அல்லது 16 தோன்றினால் வடியிற் கரி உண்மையிலேயே கூடியிருக்கலாம். உணர்கருவி வாங்க விரையாதீர்கள். 9 என்பது கருவியிலிருந்து செய்தி ஒழுங்காக வரவில்லை என்பதாம். நைதரசன் ஒட்சைட்டுக் கருவிகளில் இது காணப்பட்டால் அதற்குச் செல்லும் மின்னையும் உருகியையும் முதலிற் பாருங்கள்.

கருவியை மாற்றிய பின்னும் விளக்கு அணையாதிருக்கக் கண்டு மனம் சோர வேண்டாம். சில பிழைகள், நிறுத்திவைத்துச் செய்யும் கரியெரிப்பொன்று முழுமையாக முடிந்தபின்பே நீங்குவன. வேறு சிலவற்றை உற்பத்தியாளரின் கணினியாலேயே அழிக்க முடியும். இது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்கக் கமக்காரரும் அவ்வாறே கேட்டனர். 2025 சனவரியில் அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, பழுதுபார்க்கும் வசதிகளைக் கட்டுப்படுத்துகின்றதெனக் கூறி ஜோன் டியர் கம்பனிமீது வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் அங்குள்ள சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம், யூரியாத் திரவத் தொகுதியிற் குறை நேர்ந்தவுடன் இயந்திரத்தின் வலு சடுதியாக விழாதவாறு கணினியின் செயல்முறையைத் திருத்துமாறு உற்பத்தியாளருக்கு வழிகாட்டல் வெளியிட்டது.

கழற்றிவிடலாமா?

வடியைக் குடைந்தெடுத்து, உணர்கருவிகளை ஏமாற்றும் சிறு பெட்டியொன்றைப் பூட்டித் தருவதாகக் கூறுவோர் உளர். நாம் இதனை ஆதரிப்பதில்லை. எஞ்சினின் எண்ணெய் அளவும் காற்றளவும் அவ்வமைப்போடு ஒத்திசையுமாறே வகுக்கப்பட்டவை. ஒன்றை நீக்கினால் மற்றவை பிறழும். உத்தரவாதம் அற்றுப்போகும். கணினியில் மாற்றியெழுதப்பட்டதை மீளப் பழையபடி ஆக்குவார் கிடையார். சாரதியின் சுவாசமும் உண்டு.

இவ்வமைப்புகளை நீண்டகாலம் காப்பவை மூன்றே: கந்தகம் குறைந்த டீசல், சாம்பல் குறைந்த எஞ்சின் எண்ணெய், வேலைக்கேற்ற சுமை. ஐரோப்பிய டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 10 பங்கும், அமெரிக்க டீசலில் 15 பங்குமே அனுமதிக்கப்படும். அத்தகைய எண்ணெயை எண்ணியே இவை ஆக்கப்பட்டன. நமது சாதாரண ஓட்டோ டீசலிலும் சுப்பர் டீசலிற் கந்தகம் குறைவு. ஆகவே இவ்வியந்திரங்களுக்குச் சுப்பர் டீசலையே ஊற்றுதல் வேண்டும். மண்ணெண்ணெய் கலந்தது எவ்விதத்தும் ஆகாது. எஞ்சின் எண்ணெயிலுள்ள உலோகச் சேர்க்கைகள் எரிந்து உண்டாகும் சாம்பல் கரிவடியில் தங்கும். கரி எரிவதுபோல் சாம்பல் எரியாது. நூலிற் குறித்த தரத்தையே வாங்குங்கள்.

புதிய இயந்திரம் வாங்க எண்ணுவோருக்கு ஒரு சொல். ஐந்து ஏக்கர் வயலும் சிறிது தோட்டமும் உள்ளவர், கூடிய பரிவலு என்ற பெருமைக்காக இவ்வமைப்புகள் யாவும் நிறைந்த பெரிய இயந்திரத்தைத் தவணைப்பணத்தில் வாங்குதல் உசிதமன்று. சிறு சுமையில் ஓடும் பெரிய எஞ்சின் சூடேறாது கரி கட்டும். சட்டப்படி கிடைக்கும் சிறிய, எளிய இயந்திரமே அவருக்குப் போதும். கூலிக்கு ஓட்டும் பெரிய இயந்திரக்காரராயின், விலை பேசும்போதே மூன்றைக் கேளுங்கள்: பிழை எண்ணை வாசிக்கும் கருவி நமது மாவட்டத்தில் யாரிடம் உண்டு, நைதரசன் ஒட்சைட்டு உணர்கருவி கையிருப்பில் உண்டா, வடியைக் கழற்றிச் சுத்தம் செய்ய எங்கே கொண்டுசெல்லவேண்டும். விற்பவர் விடை கூறத் தயங்குவாராயின், நீங்களும் பணம் கொடுக்கத் தயங்குங்கள்.

மெக்கானிக்கை அழைக்குமுன் ஒரு தாளில் இவற்றை எழுதிவையுங்கள்: பிழையின் இரு எண்களும், எஞ்சின் ஓடிய மணிக்கணக்கு, விளக்கு தோன்றியபோது செய்த வேலை, கடைசியாகத் திரவம் ஊற்றிய நாளும் கலத்திலிருந்த திகதியும், டீசல் வாங்கிய இடம், எஞ்சின் எண்ணெயின் மட்டம் உயர்ந்ததா குறைந்ததா, கரியெரிப்பு எத்தனை மணித்தியாலத்திற்கு ஒருமுறை நடக்கின்றது. எண்களை அழித்துவிட்டு அழைக்காதீர்கள். மேலும் அறிய விரும்புவோர் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்திற் காணலாம். இயந்திரத்தின் கைந்நூலை மறவாது எடுத்துச் செல்க.